வானத்தைப் படம் பிடிப்போம்

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில், மாலைப்பள்ளி விண்ணோக்குக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

   

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவிலே வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசலாம். விடுதி வசதியைப் பற்றிப் பேசலாம். உதவித்தொகையைப் பற்றிப் பேசலாம். அவற்றைப் பேசத் தகுதி வாய்ந்த சான்றோர் இம்மேடையிலே வீற்றிருக்கிறார்கள். நாங்களோ வானத்தைப் படம் பிடிப்பது பற்றிப் பேச வந்திருக்கிறோம். "வயிற்றுப்பாட்டுக்கே வழி தேடும் நமக்கு நிலவும் விண்மீனும் எதற்கு?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அது நியாயமான கேள்வியே. எங்கள் வீடுகளிலும் அதே கேள்விதான் எழுந்தது. அதற்கு விடை கூறும் முயற்சியே இவ்வுரை.

கிரகணமும் தாழ்த்தப்பட்டோரும்

கிரகணம் என்பது வானத்தில் விழும் நிழல். அந்த நிழலைக்கூட இந்நாட்டில் சாதி விட்டுவைக்கவில்லை. மராட்டிய நாட்டிலே மாங் என்று அழைக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்கள், கிரகண வேளையில் தெருத்தெருவாகச் சென்று, தானம் கொடுத்தால் கிரகணம் விடும் என்று குரல் எழுப்பி, பழந்துணியும் தானியமும் பெற்றுச் செல்லும் வழக்கம் இருந்தது. ஞாயிற்றை விழுங்கும் ராகுவுக்கும் அம்மக்களுக்கும் உறவு கற்பிக்கப்பட்டிருந்தது. அவர்களுக்குக் கொடுத்தால் அவன் பிடியை விடுவான் என்பது நம்பிக்கை. வானத்தில் நிகழும் ஒன்றுக்கு மண்ணில் உள்ள ஒரு கூட்டத்தார் மீது பழி சுமத்தி, அந்தப் பழிக்குக் கூலியாகப் பிச்சையும் இட்டார்கள். எண்ணிப் பாருங்கள்! கிரகணம் எப்படி நிகழ்கிறது என்று அறிந்த ஒருவனிடம் இந்தக் கதை செல்லுபடியாகுமா?

ஞாயிற்றுக்கும் பூமிக்கும் இடையே திங்கள் வந்தால் சூரிய கிரகணம். திங்களுக்கும் ஞாயிற்றுக்கும் இடையே பூமி வந்தால் சந்திர கிரகணம். பள்ளி நூலில் இது இரண்டு வரிப் பாடம். ஆனால், நூலில் படித்ததற்கும் தானே கண்டு, தன் கையால் படம் பிடித்துச் சுவரில் மாட்டியதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது மறந்து போகும். பின்னது சாட்சியாக நிற்கும்.

2019-ஆம் ஆண்டு எங்கள் அனுபவம்

2019 டிசம்பர் 26 அன்று வளைய சூரிய கிரகணம் தமிழ்நாட்டின் குறுக்கே கடந்து சென்றது. உதகை, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை ஆகிய ஊர்கள் அதன் பாதையில் இருந்தன. கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே, நம்மவர் வாழும் சிற்றூர் ஒன்றில் நாங்கள் அன்று கூடினோம். இரவல் வாங்கிய ஒரு கேமரா, அதற்கேற்ற சூரிய வடிகட்டி, ஒரு முக்காலி ஆகியவையே எங்கள் கருவிகள்.

மரங்கள் மறைக்காத உயரமான இடம் வேண்டும் என்று, ஊர்த்தெருவில் ஒரு வீட்டு மாடியைச் சில மணி நேரத்துக்குக் கேட்டோம். முதலில் மகிழ்ச்சியோடு பேசியவர்கள், "எந்தத் தெருப் பிள்ளைகள்?" என்று விசாரித்த பிறகு சாவி கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து நம் தெருவின் நடுவே, வேப்பமரத்துக்கு அருகில் முக்காலியை ஊன்றினோம். மாடியேறினாலும் தெருவில் நின்றாலும் ஞாயிறு ஒரே தொலைவில்தான் இருக்கிறது என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம்.

காலை 8 மணிக்குச் சற்றுப் பின்னர் ஞாயிற்றின் விளிம்பில் திங்கள் கடித்தது. நம் தெருவிலும் கதவுகள் சாத்தப்பட்டன. கருவுற்ற பெண்களை உள்ளறையில் அமர்த்தினார்கள். சில வீட்டு வாசல்களில் தாம்பாளத்தில் நீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார்கள், அது நின்றது. கிரகணத்தின் ஆற்றலால்தான் நிற்கிறது என்றார்கள். 9.30 மணியளவில் திங்கள் முழுவதுமாக ஞாயிற்றுக்குள் புகுந்தது. அன்று திங்கள் சற்றுத் தொலைவில் இருந்தமையால் ஞாயிற்றை முழுதும் மறைக்க இயலவில்லை. சுற்றிலும் நெருப்பு வளையம் நின்றது. ஏறத்தாழ மூன்று நிமிடம்! நாங்கள் விடாமல் படமெடுத்தோம்.

பிறகுதான் எங்கள் தவறு தெரிந்தது. கேமரா தானாகவே குவியம் தேடும்படி விட்டிருந்தோம். கருத்த வானில் பிடித்துக்கொள்ள ஏதும் இல்லாமல் அது முன்னும் பின்னும் அலைந்திருக்கிறது. அத்தனை படமும் மங்கல். பல வாரம் காத்திருந்தது மூன்று நிமிடத்தில் போயிற்று.

ஆனால், அந்த மூன்று நிமிடத்தில் எங்கள் குழுவிலேயே இளையவளான எட்டாம் வகுப்பு மாணவி வானைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேப்பமரத்தின் நிழலில் நூற்றுக்கணக்கான சிறிய ஒளி வளையங்கள் மண்ணில் சிதறிக் கிடந்தன. இலைகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு சிறு துளையும் ஓர் ஊசித்துளைக் கேமராவாக இருந்து, ஞாயிற்றின் உருவத்தைத் தரையில் வீழ்த்தியது. அவள் தன் அண்ணனின் கைப்பேசியால் அந்தத் தரையைப் படமெடுத்தாள். இன்று நம் மாலைப்பள்ளிச் சுவரில் இருப்பது அந்தப் படந்தான். மற்ற நாட்களிலும் மர நிழலில் விழும் ஒளிப்புள்ளிகள் வட்டமாக இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இலைத்துளைகள் வட்டமில்லை, ஞாயிறு வட்டம், ஆகவே புள்ளியும் வட்டம். தினமும் நம் காலடியில் ஞாயிற்றின் படம் விழுந்துகொண்டேயிருக்கிறது. நாம் குனிந்து பார்த்ததில்லை, அவ்வளவே.

வளையங்களைக் காணக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மூதாட்டி ஒருவர் கைப்பேசியை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல அந்தப் பாம்பு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். நாங்கள் ஆயிரம் சொற்பொழிவு ஆற்றியிருந்தாலும் அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து வரவழைத்திருக்க மாட்டோம். மறுநாள் அவர் வீட்டிலேயே அதே உலக்கையை அதே தாம்பாளத்தில் நிறுத்தினோம். நின்றது. அடி தட்டையான உலக்கை எந்நாளும் நிற்கும். அதையும் படமெடுத்து, தேதியிட்டு, முதல் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம்.

பர்னார்டு என்னும் ஏழைச் சிறுவன்

இக்கலையில் முன்னோடியாக விளங்கிய ஒருவரின் வரலாற்றை இளைஞர்கள் அறிந்திட வேண்டும். எட்வர்டு எமர்சன் பர்னார்டு 1857-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பிறந்தார். பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். உள்நாட்டுப் போர் நடந்த காலம், கொடிய வறுமை. பள்ளியில் அவர் பயின்றது இரண்டே மாதம். ஒன்பது வயது நிறையும் முன்னரே புகைப்பட நிலையமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

அவருக்கு இட்ட வேலை என்ன தெரியுமா? அக்காலத்தில் படத்தைப் பெரிதாக்க மின்விளக்கு இல்லை. ஞாயிற்றின் ஒளியே விளக்கு. கூரைமேல் இருந்த பெரிய உருப்பெருக்கிக் கருவி நாள் முழுதும் ஞாயிற்றை நோக்கியிருக்கும்படி கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றச் சிறுவர்கள் உறங்கிப் போவார்கள், இவர் உறங்கவில்லை. அக்கருவியின் பெயர் 'ஜூப்பிட்டர்', அதாவது வியாழன். பின்னாளில், 1892-இல், வியாழன் கோளின் ஐந்தாம் துணைக்கோளைக் கண்டுபிடித்தவர் இதே பர்னார்டு! கலிலியோ 1610-இல் நான்கைக் கண்ட பிறகு 282 ஆண்டுகள் எவரும் காணாத ஒன்று அது.

இளமையில் தம் ஊதியத்தில் பெரும்பகுதியைச் செலவிட்டு ஐந்து அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். 1877-இல் தம் ஊருக்கு வந்த வானியலறிஞர் சைமன் நியூகோமைச் சந்தித்தபோது, கணிதம் கற்காமல் இத்துறையில் முன்னேற இயலாது என்று அவர் சொல்லிவிட்டார். பர்னார்டு மனமுடைந்து அழுதாராம். அழுது முடித்தபின் கணிதம் கற்கத் தொடங்கினார். இந்த இரண்டாவது செயலை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அக்காலத்தில் புதிய வால்மீனைக் கண்டுபிடிப்போருக்கு 200 டாலர் பரிசு உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக வால்மீன்களைக் கண்டு, அப்பரிசுப் பணத்தால் வீடு கட்டினார். கல்லூரி இடம் கொடுத்தது. லிக் வானாய்வகம் பணி கொடுத்தது. அங்கே, மனிதர்களின் முகத்தைப் படமெடுக்க முன்பு பயன்பட்ட பழைய வில்லார்டு லென்சு ஒன்றைக் கொண்டு பால்வீதி மண்டலத்தைப் படமெடுத்தார். 1892-இல் புகைப்படத்தின் வாயிலாக ஒரு வால்மீனைக் கண்டுபிடித்த முதல் மனிதரும் அவரே. நிலையத்தில் கற்ற கைத்தொழில் வீண்போகவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பர்னார்டு ஏழை, ஆயினும் வெள்ளையர். அதே நகரில், அதே வறுமையில், அதே ஆர்வத்தோடு ஒரு கறுப்பினச் சிறுவன் இருந்திருந்தால் அந்தக் கல்லூரியின் கதவு அவனுக்குத் திறந்திருக்காது. அறிவு இருந்தால் போதும், எல்லாம் தானே வரும் என்று உங்களிடம் பொய் சொல்ல நாங்கள் வரவில்லை. கதவைத் திறக்க அமைப்பு வேண்டும். இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவருவது அந்த வேலையையே.

கருமை வெறுமையன்று

பர்னார்டின் படங்களிலிருந்து கிட்டிய உண்மை ஒன்று எங்கள் நெஞ்சைத் தொட்டது. பால்வீதியின் ஒளிவெள்ளத்தினிடையே கருத்த திட்டுகள் காணப்படும். அங்கே விண்மீன்களே இல்லை, அவை வானத்தின் ஓட்டைகள் என்று வானியலார் நீண்ட காலம் கருதினர். பர்னார்டும் முதலில் அவ்வாறே எண்ணினார். ஆண்டுக்கணக்காகப் படமெடுத்துப் பார்த்த பின்னரே தெளிவு பிறந்தது. அவை ஓட்டைகள் அல்ல. பின்னாலுள்ள ஒளியை மறைத்து நிற்கும் தூசு முகில்கள். 1919-இல் அத்தகைய 182 கரும்பொருள்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார். இத்தகைய முகில்களின் உள்ளேதான் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன என்று இன்று அறிவியல் கூறுகிறது. ஒன்றும் இல்லாத இடம் என்று ஒதுக்கப்பட்டது, உண்மையில் உலகங்கள் கருக்கொள்ளும் இடமாக இருந்தது! இதற்கு மேல் இங்கே விளக்கம் தேவையில்லை.

அவர் 1923-இல் மறைந்தார். அவருடைய பால்வீதிப் படத்தொகுப்பு 1927-இல் வெளிவந்தது. அதற்கெனத் தயாரித்த 35,000-க்கும் மேற்பட்ட படப்பிரதிகளை ஒவ்வொன்றாகத் தாமே பார்த்துத் தேர்ந்தவர் அவர். உழைப்பு என்றால் அது.

சந்திர கிரகணத்தில் கற்ற கணக்கு

முதல் தோல்விக்குப் பின் நாங்கள் பயிற்சியை விடவில்லை. 2025 செப்டம்பர் 7 ஞாயிறு இரவு முழுச் சந்திர கிரகணம் வந்தது. இரவு 9.57 மணிக்குப் பூமியின் கருநிழல் திங்கள் மீது படத் தொடங்கியது; 11 மணி முதல் 82 நிமிடம் முழு மறைப்பு. இம்முறை குவியத்தை முன்கூட்டியே கையால் சரிசெய்து, அந்த வளையத்தின்மேல் ஒட்டுத்தாளும் ஒட்டிவிட்டோம். முகில்கள் அலைக்கழித்தன, விலகிய போதெல்லாம் படமெடுத்தோம்.

முழு மறைப்பில் திங்கள் கருத்துப் போகவில்லை. செம்பு நிறம் கொண்டது. பூமியின் காற்று மண்டலம் ஞாயிற்றின் ஒளியை வளைத்து, நீலத்தைச் சிதறடித்து, சிவப்பை மட்டும் நிழலுக்குள் அனுப்புவதே காரணம். அந்த வேளையில் பூமியைச் சுற்றிலும் நிகழ்ந்துகொண்டிருந்த விடியல்களும் அந்திகளும் சேர்ந்து ஊட்டிய நிறம் அது.

மறுநாள் மாலை, பாதி மறைந்த நிலவின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாணவர்களிடம் கொடுத்தோம். நிழலின் விளிம்பு நேர்க்கோடாக இல்லை, வளைந்திருந்தது. பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சான்று இது. அந்த வளைவுக்குப் பொருந்தும் வட்டத்தைக் கவராயத்தால் வரைந்து, நிலவைவிட நிழல் எத்தனை மடங்கு பெரியது என்று அளக்கச் சொன்னோம். ஒருவருக்கு 2.5 வந்தது, ஒருவருக்கு 2.8, ஒருவருக்கு 3. உண்மை அளவு 2.6 அல்லது 2.7-ஐ ஒட்டியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், தம் தெருவிலிருந்து எடுத்த படத்தைக் கொண்டு, பூமியின் நிழலை அளந்தார்கள்! தேர்வில் கணக்கைக் கண்டு அஞ்சும் பிள்ளைகள் அன்று கவராயத்துக்குச் சண்டையிட்டார்கள்.

தொடங்குவோருக்குச் சில சொற்கள்

பெரிய கருவி வேண்டும் என்று காத்திராதீர்கள். நிலவிலிருந்து தொடங்குங்கள். இரவில் எடுப்பதால் நிறைய ஒளி வேண்டும் என்று பலர் மயங்குகிறார்கள். நிலவு என்பது வெயிலில் கிடக்கும் பாறை. பகலில் பாறையை எடுப்பது போலவே எடுக்க வேண்டும். முழுநிலவுக்கு ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 11, ஷட்டர் நேரம் நொடியில் 100-இல் ஒரு பங்கு என்பது பழகிய விதி. கைப்பேசியானால் திரையில் நிலவைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறையுங்கள். கைப்பேசியை இருகண் நோக்கியின் ஒரு கண்ணோடு ஒட்டிப் பிடித்தாலே பெரிய பள்ளங்கள் தெரியும். முழுநிலவைவிடப் பிறைநிலவும் அரைநிலவும் நல்லவை. அப்போது வெயில் சாய்ந்து விழுவதால் மலைகளும் பள்ளங்களும் நிழலோடு எடுப்பாகத் தோன்றும்.

விண்மீன்களுக்கு முக்காலி இன்றியமையாதது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால் ஷட்டரை நெடுநேரம் திறந்தால் புள்ளி கோடாகிவிடும். லென்சின் குவியத் தூரத்தால் 500-ஐ வகுத்தால் வருவது ஏறத்தாழத் தாங்கும் நொடிகள், 50 மி.மீ. லென்சுக்கு 10 நொடி. கோடாகவே வேண்டுமென்றால் வடக்கு நோக்கி வைத்து ஒரு மணி நேரம் தொடர்ந்து எடுங்கள். விண்மீன்கள் எல்லாம் துருவ விண்மீனைச் சுற்றி வில் வில்லாக வரைந்திருக்கும். அது அடிவானிலிருந்து எத்தனை பாகை உயரமோ, ஏறத்தாழ அதுவே உங்கள் ஊரின் அட்சரேகை.

சூரிய கிரகணத்தில் மட்டும் விளையாட்டு ஆகாது. இதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். கிரகண வேளையில் கூடுதலாக நச்சுக்கதிர் எதுவும் வருவதில்லை; சமைத்த உணவு கெடுவதில்லை; கருவுக்குத் தீங்கு இல்லை. ஆனால், வெறுங்கண்ணால் ஞாயிற்றை நோக்கினால் எந்நாளும் விழித்திரை கருகும். வலி தெரியாமலே கருகும். ஒளியை ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் தக்க வடிகட்டியே வேண்டும். எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி எதுவும் உதவா. தொலைநோக்கியிலும் கேமராவிலும் வடிகட்டியை முன்புறத்தில்தான் பொருத்த வேண்டும். வடிகட்டி இல்லையேல் சல்லடையை வெயிலில் பிடித்து, தரையில் விழும் உருவங்களைப் பாருங்கள். சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் எவரும் அச்சமின்றிப் பார்க்கலாம்.

படமெடுத்தால் மட்டும் போதாது. தேதி, நேரம், இடம், அளவுகள் யாவற்றையும் ஏட்டில் எழுதுங்கள். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் ஞாயிற்றைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அப்படங்களின் மதிப்பு அழகில் இல்லை; தேதியில் இருக்கிறது. தேதி இல்லாத படம் வெறும் பொம்மை. தேதியிட்ட படம் சான்று. ஆஸ்திரேலிய அன்பர் டெரி லவ்ஜாய் என்பவர் 2007-இல் கடையில் விற்கும் சாதாரண டிஜிட்டல் கேமராவால் புதிய வால்மீனைக் கண்டுபிடித்தார். நாள்தோறும் ஒழுங்காக எடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததற்குக் கிடைத்த பலன் அது.

எங்கள் வேண்டுகோள்

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நூலகத்தில் நூல் இரவல் தருவது போல, ஒரு கேமரா, ஓர் இருகண் நோக்கி, ஒரு முக்காலி ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி இரவல் தரும் ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் இவற்றை வாங்க இயலாது. ஒவ்வொரு வீட்டுக்கும் இவை செல்ல இயலும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வானம் இரவில்தான் திறக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு வீடு இரவில்தான் அடைக்கப்படுகிறது. உங்கள் அச்சத்தை நாங்கள் அறிவோம். ஆகவேதான் எங்கள் விண்ணோக்கு இரவுகளுக்குத் தாய்மார்களையும் அழைக்கிறோம். மகளை அனுப்ப அஞ்சினால் மகளோடு வாருங்கள். எங்கள் சுவரில் தொங்கும் மிகச் சிறந்த படத்தை எடுத்தவள் ஒரு பெண்பிள்ளை என்பதை மறவாதீர்கள்.

இளைஞர்களே! 2028 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு பிறப்பதற்குச் சற்று முன்னர், முழுச் சந்திர கிரகணம் நம் வானில் நிகழும். 2031 மே 21 அன்று மற்றொரு வளைய சூரிய கிரகணம் மதுரைப் பகுதி வழியாகத் தென்தமிழ்நாட்டைக் கடந்து செல்லும். நாள் குறித்தாயிற்று, வானம் தவணை தவறாது. நாம் ஆயத்தமாக இருக்கிறோமா என்பதே கேள்வி.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருகிறோம். நமக்கு நிலவும் விண்மீனும் எதற்கு? கிரகணம் பிடித்தபோது கையேந்தி நிற்கும்படி ஒரு கூட்டத்தார் வைக்கப்பட்டிருந்த நாடு இது. அதே கிரகணத்தின்போது அத்தகையோரின் பிள்ளைகள் கையில் கேமரா ஏந்தி, நேரத்தைக் குறித்து, நிழலை அளந்து, இது இன்னது என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். எந்த மாடியின் சாவி மறுக்கப்பட்டதோ, அந்த மாடி வீட்டுப் பிள்ளைகளும் நம் தெருவுக்கு வந்து பார்க்கட்டும்; நாம் முக்காலியை அவர்களுக்கும் விட்டுக்கொடுப்போம். அதற்குத்தான் நிலவும் விண்மீனும்.